தேன்பெட்டி கொடுப்பதற்கு முன்னர்

காணியில்லாதவர்களுக்கு உகந்த சுயதொழில் எது என்று கேட்டால், கருத்தரங்குகளிலும் கைநூல்களிலும் உடனே வருகின்ற பதில்களுள் ஒன்று தேனீ வளர்ப்பு. நிலம் வேண்டாம், நீர் பாய்ச்ச வேண்டாம், தீனி வாங்க வேண்டாம், இடைக்கிடை எட்டிப் பார்த்தால் போதும் என்பார்கள். சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் ஒதுங்கி வாழும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது கேட்க இனிமையாகவே இருக்கும். இதில் உண்மையும் உண்டு. ஆயினும் முழு உண்மை இதுவல்ல என்பதே எமது கருத்து. தேனீக்குக் காணி வேண்டியதில்லை. ஆனால் தேன்பெட்டிக்கு ஓரிடம் வேண்டும். துரை மாறினாலும், கணக்கப்பிள்ளை மாறினாலும், பெட்டி அந்த இடத்தில் யாரும் தொடாமல் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். அந்த இடத்தைப் பெற்றுக் கொடுக்காமல் பெட்டியை மட்டும் கையில் கொடுப்பது உதவியாகாது.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம், இந்தப் பக்கங்களை வாசிக்கும் குடும்பங்களின் வரலாறு. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வேலையையும் லயத்தையும் இழந்தவர்கள் உங்களுள் உண்டு. 1977இலும், 1981 ஓகஸ்ட் மாதத்திலும், 1983 ஜூலையிலும் தாக்கப்பட்டு, உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களும் உண்டு. அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, உழுந்தும் நிலக்கடலையும் செய்து, கூலிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் விவசாயிகள் ஆனார்கள். பின்னர் போர் அந்த நிலத்திலிருந்தும் அவர்களைக் கிளப்பியது. ஒரு பகுதியினர் உறவினரின் லயக் காம்பராவுக்கே திரும்பி வந்து சேர்ந்தனர். இவை போதாதென்று மண்சரிவு வேறு. 2003, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மே மாத மழை சப்ரகமுவவில் உயிர்களைக் கொண்டு போயிற்று. 2016இல் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லய வீடுகள் ஆட்களோடு மண்ணுக்குள் புதைந்தன. இப்படி மூன்று முறை, நான்கு முறை கிளப்பப்பட்டவர்களிடம் போய் "உங்களுக்கு நிலமே தேவையில்லாத ஒரு தொழில் கொண்டு வந்திருக்கிறோம்" என்று சொல்லும்போது, சொல்பவர் சற்று யோசித்துப் பேசுவது நல்லது. நிலம் கிடைக்காதவர்களுக்கு நிலம் தேவையில்லை என்று சொல்வது எப்போதுமே கொடுப்பவருக்கு வசதியான பேச்சு.

இவ்வளவும் சொன்ன பிறகும் தேனீ வளர்ப்பை நாம் பரிந்துரைக்கிறோம். அதற்குக் காரணம் சப்ரகமுவவின் இறப்பர் மரம்.

பிரேசில் நாட்டின் இறப்பர் விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த கன்றுகள் 1876ஆம் ஆண்டில் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்து பரவிய மரம் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் மலைச்சரிவுகளை மூடியது. அதில் பால் வெட்டி வாழ்ந்தவர்கள் உங்கள் பாட்டன்மார். மரத்திலிருந்து பால் வருவது எல்லோருக்கும் தெரியும்; மது வருவது பலருக்குத் தெரியாது. மார்கழி, தை மாதங்களில் இறப்பர் இலை உதிர்க்கிறது. மாசி, பங்குனியில் தளிர் விடுகிறது. செம்பு நிறத் தளிர் வெளிர் பச்சையாக மாறும் அந்த நாட்களில், மூன்று இலைகள் சேரும் காம்பின் நுனியில் உள்ள சிறு சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசிகிறது. பூவிலிருந்து வரும் மதுவை விட இதுவே இறப்பரில் தேனீக்குப் பெரிய வரவு. காலையில் ஒரு தளிர்க் காம்பைப் பறித்து நாக்கில் வைத்துப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இலை உதிர்ந்து தளிர்விடும் அந்த வாரங்களில்தான் மரத்தில் பால் குறைகிறது. வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுக்கும் தோட்டங்களும் உண்டு. வேலை நாள் குறைந்து, கடைக் கடன் ஏறும் காலம் அது. பால் குறையும் மாதத்தில் அதே மரம் தேன் தருகிறது என்பது சிறிய விடயமன்று. தேயிலையில் இது நடவாது. கொழுந்து பறித்துக் கவ்வாத்து வெட்டும் செடியில் பூ அரிது. ஆகவே தேயிலை மட்டும் உள்ள மேட்டுத் தோட்டங்களில் இருப்பவர்கள் இக்கட்டுரையில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சுற்றியுள்ள காட்டையும் வீட்டுத் தோட்டங்களையும் முதலில் பார்க்க வேண்டும்.

இறப்பரை நம்பித் தேனீ வளர்த்தவர்கள் எமக்கு முன்னரே இருக்கிறார்கள். அவர்களும் தமிழ் பேசுபவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் அப்போது திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே 1920களில் வை.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். ஏழைக் குடும்பங்களுக்கு அவர் கற்றுக் கொடுத்த கைத்தொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்று. அவர்கள் கையாண்ட சிறிய பெட்டிக்கு 'நியூட்டன் பெட்டி' என்று பெயர். 1910களில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பணியாற்றிய நியூட்டன் என்ற கத்தோலிக்கக் குரு எமது நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ப அமைத்த பெட்டி அது. (இரண்டு சதைகளுக்கு நடுவே தேனீ விட்டுவைக்கும் இடைவெளியைக் கண்டறிந்து, 1851இல் கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டியை அமெரிக்காவில் அமைத்த லாங்ஸ்ட்ரொத் என்பவரும் ஒரு போதகரே. மறையுரைக்கு நேரம் போதாத குருக்களுக்குத் தேனீ பார்க்க எப்படி நேரம் கிடைத்ததோ தெரியவில்லை.)

மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்பாளர்கள் பலருக்குச் சொந்த இறப்பர்த் தோட்டம் கிடையாது. தளிர்க் காலத்தில் பிறருடைய தோட்டங்களுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். தோட்டக்காரருடன் பேசி ஒப்பந்தம் செய்து கொள்கிறார்கள். கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தேனை விற்றார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நடுவில் ஒரு பேரிழப்பும் நேர்ந்தது. 1991, 1992 ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய ஒரு வைரசு நோயில், புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகிச் செத்தன. மிகப் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. தப்பிய கூட்டங்களையும் காட்டுக் கூட்டங்களையும் வைத்து அவர்கள் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து பெட்டியோடு தேனீயை வாங்கிக் கொண்டுவர வேண்டாம், கடல் கடந்து கொண்டுவருவதை நினைக்கவே வேண்டாம், உங்கள் தோட்டத்துக் காட்டிலுள்ள தேனீயைப் பிடித்தே தொடங்குங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இனி, தேனீ என்றதும் எமது மக்கள் மனதில் எழும் பயத்தைப் பற்றிப் பேச வேண்டும். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லாத தோட்டமே இல்லை எனலாம். இறந்தவர்களும் உண்டு. ஆனால் தோட்டத்தில் 'குளவி' என்ற ஒரே சொல்லுக்குள் பல பூச்சிகளைப் போட்டுவிடுகிறோம். சிங்களத்தில் தெபரா எனப்படுவது உண்மையான குளவி. அதில் தேன் இல்லை. பம்பரா எனப்படும் மலைத்தேனீ உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை வதையைத் திறந்த வெளியில் தொங்கவிடுவது. கலைத்தால் கூட்டமாகத் துரத்தும், பெட்டியில் வாழாது. புதர்க் கிளையில் உள்ளங்கையளவு வதை கட்டும் கொம்புத் தேனீயும் பெட்டிக்கு வராது. கொட்டாத கொசுத்தேனீயில் தேன் கொஞ்சமே. பெட்டியில் வளர்ப்பது மீமெஸ்ஸா எனப்படும் பொந்துத் தேனீயை. மரப்பொந்திலும், புற்றுக் குழியிலும், சில வேளை லயத்துக் கூரையிடுக்கிலும் பல வதைகளை அடுக்கடுக்காகக் கட்டி இருட்டில் வாழ்வது இதுவே. வன்னியில் இருந்தவர்களுக்கு, பாலை பூக்கும் காலத்தில் மரப்பொந்தில் எடுத்த தேன் நினைவிருக்கும். அது இந்தத் தேனீதான். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், இந்நாட்டு மக்கள் பொந்துக்குள் ஊதித் தேனீயை விலக்கிவிட்டு, உடலை மூடிக்கொள்ளாமலே கைவிட்டுத் தேன் எடுத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். நீங்கள் அவ்வளவு துணிய வேண்டாம். முகத்துக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். கொட்டியபின் மூச்சு முட்டினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மயக்கம் வந்தாலோ வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்படிப்பட்டவர் அதன்பின் பெட்டிப் பக்கம் போகவும் கூடாது.

தொடங்குவது எப்படி? பெட்டியோடு தொடங்க வேண்டாம். ஒரு மண்முட்டியோடு தொடங்குங்கள். சிங்களக் கிராமங்களில் முட்டி கட்டித் தேனீ பிடிப்பது பழைய வழக்கம். பக்கத்துக் கிராமத்தில் வயதானவர் ஒருவர் இதை அறிந்திருப்பார். அவரிடம் போய்க் கேட்பதில் கௌரவக் குறைவு இல்லை. 1981ஐ மறந்துவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த நாட்களில் அயலவர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கிராமத்தவர்களும் இருந்தார்கள். பெட்டி வைத்த பிறகு அவர்களுடைய பூசணியிலும் தென்னையிலும்தான் உங்கள் தேனீ போய் இருக்கப் போகிறது. பழக்கம் வைத்துக்கொள்வது எப்படியும் வேண்டும்.

முட்டியின் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். உள்ளே தேன்மெழுகைச் சூடாக்கித் தடவி, வாயை மூடி, காட்டோரத்தில் நிழலான மரத்தில், இறப்பர் இலை உதிரத் தொடங்கும்போதே கட்டிவிட வேண்டும். ஒன்று கட்டி ஏமாறுவதை விட ஐந்தாறு முட்டிகளை வேறு வேறு இடங்களில் கட்டுவது நல்லது. பிரிந்து வரும் கூட்டம் ஒன்றில் நுழையலாம், நுழையாமலும் போகலாம். சிவனொளிபாதமலைக் காடு போன்ற பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் போய்க் கட்டுவதோ, தேனுக்காக மரத்தை வெட்டுவதோ தீ வைப்பதோ வேண்டாம். அது குற்றம், கூட்டமும் அதில் அழிந்து போகும்.

நுழைந்தவுடனே பெட்டிக்கு மாற்றும் அவசரம் பலரிடம் உண்டு. சில வாரம் பொறுக்க வேண்டும். முட்டிக்குள் வதை கட்டி, முட்டையும் புழுவும் வந்தபிறகுதான் தேனீக்கு அந்த வீட்டில் பற்று ஏற்படுகிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு அது எளிதில் போகாது. பின்னர் பொழுது சாயும் நேரத்தில் தென்னம் பொச்சுப் புகை இலேசாகக் காட்டி, புழு உள்ள வதைகளை வெட்டி, மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி பெட்டியின் சட்டங்களில் வாழை நாரால் கட்டுங்கள். ராணி பெட்டிக்குள் போய்விட்டதா என்பதே முக்கியம். வேலைக்காரத் தேனீ நுழையவும் ராணி வெளியேற முடியாமலும் வாசலைச் சுருக்கி நாலைந்து நாள் வைக்கலாம். கட்டிய நாரைத் தேனீயே கடித்துத் தள்ளிவிடும். இந்த வேலையைத் தெரிந்தவர் ஒருவர் செய்வதை ஒருமுறையாவது அருகில் நின்று பார்க்காமல் தனியாகச் செய்ய வேண்டாம். விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளை பிந்துனுவெவவில் இருக்கிறது. பிந்துனுவெவ என்றதும் 2000 ஒக்டோபரில் அங்கிருந்த தடுப்பு முகாமில் கொல்லப்பட்ட எமது இளைஞர்களே பலருக்கு நினைவில் வருவார்கள். அதே ஊரில் தேனீ பற்றிய அறிவும் இருக்கிறது. பயிற்சிக்குப் போகத் தயங்குபவர்கள் குழுவாகப் போகலாம்.

பெட்டியை நாளும் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவது கடினம். எட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் உள்ள காலையில் திறந்தால் போதும். அறையின் அடியில் சிறு வெள்ளை இழை போல் முட்டை நின்றால் ராணி இருக்கிறாள்; வேறொன்றும் தேட வேண்டாம், மூடிவிடுங்கள். பெட்டிக் கால்களைத் தண்ணீர் அல்லது கழிவு எண்ணெய் ஊற்றிய தகரங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தண்ணீர் வற்றிய அன்றே ஏறிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். தேனீ மூடாத பழைய வதையில் மெழுகுப் பூச்சி வலை பின்னும். அதை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

உண்மையான சோதனை வைகாசியில் தொடங்குகிறது. இறப்பர் இலை முற்றிவிட்டது, மது நின்றுவிட்டது, தென்மேல் பருவமழை விடாமல் கொட்டுகிறது, தேனீ வெளியே போக முடியவில்லை. தேன் முழுவதையும் நாம் எடுத்துவிட்டிருந்தால் உள்ளே உணவு இல்லை. இந்த மாதங்களில்தான் 'தேனீ ஓடிவிட்டது' என்ற செய்தி வருகிறது. எமது நாட்டுத் தேனீயின் இயல்பு அது. உணவு இல்லையென்றாலும், எறும்பு தொல்லை கொடுத்தாலும், அடிக்கடி கலைத்தாலும், முழுக் கூட்டமும் வீட்டை விட்டுப் போய்விடும். அதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. கீழறையின் தேனை ஒருபோதும் எடுக்காமல் மேலறையின் தேனை மட்டும் எடுப்பது முதல் வழி. மழை மாதங்களில் ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் கரைத்துச் சிறு கிண்ணத்தில், மேலே குச்சிகள் மிதக்கவிட்டு, பெட்டிக்குள் மாலையில் வைப்பது மற்றது. சீனி விற்கும் விலையில் பிள்ளைகளுக்கே பிளேன்ரீக்கு இல்லாதபோது பூச்சிக்குச் சீனியா என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே சீனியை நம்புவதை விடத் தேனை விட்டுவைப்பதையே நாம் சொல்கிறோம். மழைக்காலத்தில் பூக்கும் தொட்டாற்சிணுங்கி, தென்னை, கமுகு, வீட்டோரச் சோளம் ஆகியவை எங்கே கிடைக்கின்றனவோ அந்தப் பக்கமே பெட்டி வைக்கவும் வேண்டும். இறப்பர் மது தருமே தவிர, புழு வளர்க்க வேண்டிய மகரந்தத்தைப் போதிய அளவில் தராது. நாலு பக்கமும் இறப்பர் மட்டும் உள்ள நடுக்காட்டில் வைத்த பெட்டி தளிர்க் காலம் முடிந்ததும் மெலிந்து போவது இதனால்தான்.

தேன் எவ்வளவு வரும்? நல்ல கூட்டத்தில் வருடத்துக்குச் சில கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் ஒன்றும் வராமலும் போகலாம். எனவே கடன் வாங்கிப் பத்துப் பெட்டியோடு தொடங்கச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒரு பெட்டி ஒரு தளிர்க் காலத்தையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டட்டும். பிறகு அதையே இரண்டாகப் பிரிக்கலாம். தேன் பிழியும் சுழல் டிரம் ஒன்று பத்துக் குடும்பத்துக்குப் போதும். திருச்சபை நிறுவனங்கள் பணம் செலவிட வேண்டிய இடங்களுள் இது ஒன்று. டிரம்மில் சுற்றினால் வதை உடையாது, திரும்பத் தேனீக்கே கொடுக்கலாம். வதை கட்டும் உழைப்பு அதற்கு மிச்சம். பிழிந்து வீணாகும் வதையின் மெழுகையும் எறிய வேண்டாம். பாஸ்கா புகழுரையில் தேனீயின் உழைப்பைப் புகழ்ந்து பாடிவிட்டு, கடையில் வாங்கிய பரபின் திரியை ஏற்றும் கோவில்கள் எம்மிடையே குறைவல்ல. உள்ளூர் மெழுகில் ஒரு திரியாவது செய்யலாம்.

விற்பனையில் ஒரு தடையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இறப்பர்த் தேன் விரைவில் உறைந்து சீனி போல் ஆகும். அதைப் பார்த்ததும் வாங்கியவர் "சீனிப்பாணி கலந்திருக்கிறாய்" என்பார். இடம்பெயர்ந்து வந்தவன் விற்றது என்றால் அந்தச் சந்தேகம் இரட்டிப்பாகும். உறைவது இந்தத் தேனின் இயல்பு. போத்தலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகும் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள். முக்கால் பங்காவது மெழுகு மூடிய வதையிலிருந்து மட்டும் எடுங்கள். மூடாத தேனில் நீர் அதிகம், எமது ஈரமான காற்றில் அது புளித்து மூடியைத் தள்ளும். 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே தேன் பிடிக்கும். கிலோ விலைக்குப் போத்தலை வாங்கிப் போகும் வியாபாரியிடம் இதைச் சொல்லிக் கணக்குப் பாருங்கள். இன்னொன்று: பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேன், எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், உயிராபத்தான நோயை உண்டாக்கக் கூடும்.

இப்போது முதலில் சொன்ன விடயத்துக்கு வருவோம். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. மரமும் மண்ணும் நீண்டகாலக் குத்தகையில் அவர்களிடம். லயத்தைச் சுற்றிய சிறு தோட்டம்கூடப் பலருக்கு எழுத்தில் உரியதன்று. மண்சரிவுக்குப் பின் கிடைத்த ஏழு பேர்ச் வீட்டுத் துண்டிலோ, அயல் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே பெட்டிக்கு இடமில்லை. ஆகவே பெட்டி பெரும்பாலும் கம்பனியின் மரத்தடியில்தான் நிற்கப் போகிறது. ஒரு துரை வாயால் சரி என்பார். அடுத்த துரை வந்ததும் "யாருடைய பெட்டி, எடு" என்பார். களைகொல்லி அடிக்கும் நாள் பெட்டிக்காரருக்குத் தெரிவிக்கப்படாது. தளிரில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தூவும் நாளும் அப்படியே. யாருக்காவது எங்காவது குளவி கொட்டினால், அது மலைத்தேனீயாக இருந்தாலும், முதலில் பெட்டிக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவரோ விருந்தாளியாக வந்து ஒதுங்கிய குடும்பம்; பெயர் தோட்டப் பதிவில்கூட இராது. எதிர்த்துப் பேச மாட்டார். பெட்டியை எடுத்துவிடுவார். திட்ட அறிக்கையில் 'பயனாளி ஆர்வம் இழந்தார்' என்று எழுதப்படும்.

இது தேனீ பற்றிய அறியாமையால் வரும் தோல்வி அல்ல. எனவே இதைப் பயிற்சி வகுப்பால் தீர்க்கவும் முடியாது. தனியாகத் துரையிடம் போய் நிற்கும் குடும்பத்தால் பெற முடியாத கடிதத்தை ஒரு பங்கு மக்களும், தொழிற்சங்கத் தலைவரும், பிரதேச செயலகத்து விவசாய உத்தியோகத்தரும் சேர்ந்து போனால் பெறலாம். கம்பனிக்கு இதில் நட்டம் ஒன்றுமில்லை. காம்பில் கசியும் மதுவை அவர்கள் எடுப்பதும் இல்லை, தேனீ எடுப்பதால் பால் குறைவதும் இல்லை. மார்த்தாண்டத்துத் தோட்டக்காரர்கள் இதை எப்போதோ அறிந்துகொண்டார்கள். வருடத்துக்கு இரண்டு போத்தல் தேன் தோட்டக் காரியாலயத்துக்கு என்று எழுதிக்கொள்வதிலும் எமக்கு ஆட்சேபம் இல்லை. கூலியாக அல்ல, வாடகையாக. வாடகை கொடுப்பவனுக்கு ஓரளவு உரிமை உண்டு என்பதைக் கடிதம் எழுதுபவர்களும் அறிவார்கள்.

சகோதர குருக்களிடமும் அருட்சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். கோவில் வளவுகளிலும், கல்லறைத் தோட்டங்களின் ஓரத்திலும், பாடசாலைக்குத் தூரமான மூலைகளிலும் எமக்கே இடம் இருக்கிறது. கம்பனியிடம் கேட்பதற்கு முன் அதை ஒதுக்கிக் கொடுக்கலாம். பொந்துத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீற்றர் சுற்றளவுக்குள் மேயும். கல்லறைத் தோட்டத்துப் பெட்டியிலிருந்து அது தோட்டத்து இறப்பருக்கு யாரிடமும் கேளாமல் போய் வரும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. பெட்டி வைப்பவரின் பெயர் கணவன், மனைவி இருவருடையதாகவும் இருக்க வேண்டும். பிற்பகலில் வீட்டில் நின்று பெட்டியைப் பார்ப்பவர் பல வீடுகளில் மனைவியே. எந்த மலை, எத்தனை பெட்டி என்பது வேண்டும். குறைந்தது ஐந்து வருடம் என்று எழுத வேண்டும். துரை மாறினாலும் செல்லும் என்றும் எழுத வேண்டும். மருந்து அடிக்கும் நாளுக்கு முன்தினம் அறிவிக்க வேண்டும் என்பது ஒரு வரி. மூன்று மொழிகளில் இல்லாவிட்டாலும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும், காவலாளியும் வாசிக்கத்தக்கதாக. இறப்பர் இலை மார்கழியில் உதிரத் தொடங்கும். முட்டி அப்போது மரத்தில் இருக்க வேண்டுமானால், இந்தக் கடிதத்துக்கான பேச்சு ஐப்பசியிலேயே தொடங்க வேண்டும்.